'செம மச்சி!'ன்னு சொன்னது நான்தான்

ராத்திரி பதினோரு மணி. உங்க ஃப்ரெண்ட் ஹாஸ்டல் ரூம் கதவைத் தட்டுறான். கையில லேப்டாப். கண்ணு ரெண்டும் மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்திருக்கு. மூணு நாளா தூங்கலைன்னு பார்த்தாலே தெரியுது. கட்டில்ல உங்களை ஒட்டி உட்கார்ந்து, ஹெட்போன்ல ஒரு காதை உங்களுக்கு மாட்டி விட்டு, இன்னொரு காதைத் தான் மாட்டிக்கிறான். "மச்சி, படம் முடிச்சுட்டேன். பார்த்துட்டு உண்மையைச் சொல்லு!"

படம் ஓடுது. முடியுது. ஒன்பது நிமிஷமும் அவன் ஸ்கிரீனைப் பார்க்கவே இல்லை, உங்க மூஞ்சியத்தான் பார்த்துக்கிட்டு இருந்தான். இப்போ நீங்க என்ன சொல்வீங்க?

"செம மச்சி!"

அதேதான்! நானும் அதைத்தான் சொன்னேன். கூடவே "கேமரா ஒர்க் பின்னிட்டடா"ன்னு ஒரு பிட்டையும் சேர்த்துப் போட்டேன். அவன் சந்தோஷமா எழுந்து போய்த் தூங்கிட்டான். எனக்குத்தான் கொஞ்ச நேரம் தூக்கம் வரலை. ஏன்னு கேட்கறீங்களா? அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நாங்க தர்மபுரி மாவட்டத்துப் பசங்க. 2019-ல விஸ்காம் கடைசி வருஷம். பத்து நிமிஷத்துக்குள்ள ஒரு படம் எடுத்துக் கொடுக்கணும், அதுதான் ப்ராஜெக்ட். எங்க கிளாஸ்ல பாதி டீம் காதல் தோல்வி எடுத்தாங்க. மீதி டீம் ஹீரோ கடைசியில செத்துப் போற மாதிரி எடுத்தாங்க. (எங்க டீமோட படத்துல ரெண்டுமே உண்டு, அதைப் பத்திக் கேட்காதீங்க, ப்ளீஸ்!) ஒருத்தன் மட்டும்தான் சொந்த ஊர்ப் பக்கம் கேமராவைத் திருப்பினான். அவன் பேரு வேணாம். ஃபர்ஸ்ட் இயர்லேர்ந்து காலேஜே அவனை 'டைரக்டர்'னுதான் கூப்பிடும், நாமும் அப்படியே வச்சுக்குவோம்.

டைரக்டருக்கு ஊர் பென்னாகரம் பக்கம். அவன் எடுத்தது தண்ணியைப் பத்தி. எங்க மாவட்டத்துல பல ஊர்ல போர் தண்ணியில ஃப்ளோரைடு அதிகம். பாறையில இருக்கற சமாச்சாரம், கரைஞ்சு தண்ணியில வந்துடும். ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அதைத் தாண்டின தண்ணியைச் சின்ன வயசுலேர்ந்து குடிச்சா முதல்ல மாட்டிக்கிறது பல்லு. நிலைப் பல்லு ஈறுக்குள்ள உருவாகிற காலத்துல, அதாவது சுமார் எட்டு வயசுக்குள்ள, கறை உள்ளேயே ஏறிடும். அப்புறம் எந்த பேஸ்ட்டைப் போட்டுத் தேய்ச்சாலும் போகாது. ரொம்ப வருஷம் குடிச்சா எலும்பு, மூட்டு வரைக்கும் போகும். எங்க ஊர்ப் பக்கம் வாயை மூடிக்கிட்டே சிரிக்கறவங்களை நீங்க பார்த்திருக்கலாம். வெட்கம்னு நினைச்சிருப்பீங்க.

டைரக்டரோட பெரியம்மா பொண்ணு அப்படித்தான் சிரிக்கும். அப்போ ப்ளஸ் டூ. பேசும்போது கூட கை தானா வாய்க்கு முன்னாடி வந்துடும். தங்கச்சிகிட்ட கேட்டு, பெரியம்மாகிட்ட கேட்டு, கெஞ்சிக் கூத்தாடி அவளைக் கேமரா முன்னாடி உட்கார வச்சிருந்தான். பேட்டி நடுவுல ஏதோ ஒரு நொடி அவ கையை எடுத்துட்டு வாய் நிறையச் சிரிச்சுட்டா. நம்மாளு விடுவானா? எடிட்டிங்ல அந்தச் சிரிப்பை ஜூம் பண்ணி, பல்லு மட்டும் ஸ்கிரீன் முழுக்கத் தெரியற மாதிரி ஆறு செகண்ட் அப்படியே நிறுத்திட்டான். பின்னாடி வயலின் அழுவுது. அவனோட குரல்ல, 'இது புன்னகை அல்ல...'ன்னு ஆரம்பிச்சு ஒரு கவிதை வேற!

அந்த ஆறு செகண்ட்ல நான் என்ன பண்ணேன் தெரியுமா? தலைகாணிக்குக் கீழ இருந்த போனை எடுத்து மணி பார்த்தேன். மணி பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. பார்க்க முடியாம கண்ணைத் திருப்பினேன், அவ்வளவுதான் விஷயம். அதைச் சொல்லாம கேமராவைப் புகழ்ந்துட்டேன்.

இந்தக் கேமராவைப் புகழ்ற டெக்னிக் நாம கண்டுபிடிச்சது இல்லீங்க, இதே மண்ணோட சொத்து! தர்மபுரிக்குப் பழைய பேர் தகடூர். அதியமான் ஆண்ட ஊர். அவன் அனுப்பின தூதரா ஔவையார் தொண்டைமான்கிட்ட போறாங்க. அவர் தன்னோட ஆயுதச் சாலையைத் திறந்து பெருமையாக் காட்டுறார். ஔவையார் பார்த்துட்டு, 'ஆகா, உங்க ஆயுதமெல்லாம் மயிற்பீலி கட்டி, நெய் பூசி, பளபளன்னு காவலோட அழகா இருக்கு. எங்காளு வேல்தான் நுனி முறிஞ்சு கொல்லன் பட்டறையில கிடக்கு'ங்கற அர்த்தத்துல பாடிட்டு வந்துடறாங்க. புறநானூறு, 95-வது பாட்டு. நீ சண்டையே போட்டதில்லை, அவன் போட்டுக்கிட்டே இருக்கான்னு பச்சையாச் சொல்லாம சொன்னது. பள்ளிக்கூடத்துல படிச்சப்போ கிழவி என்னமா கலாய்ச்சிருக்கான்னு சிரிச்சோம். ஆனா ஒண்ணு, அவங்க அதைச் சொன்னது எதிராளிகிட்ட. 'லைட்டிங் சூப்பர், டைட்டில் ஃபான்ட் சூப்பர்'னு அதே வேலையை நாம செய்யறது கூடப் படிக்கிறவன்கிட்ட.

சரி, கதைக்கு வருவோம். டிபார்ட்மென்ட்ல நல்ல மார்க். பக்கத்து மாவட்டத்துல ஒரு காலேஜ் விழாவுல குறும்படப் போட்டி வச்சாங்க. எங்க காலேஜ்லேர்ந்து டைரக்டர் படம் போச்சு. அவன் சும்மா இருந்திருக்கலாம். "உன்னை ஸ்கிரீன்ல பார்க்கணும்ல?"ன்னு தங்கச்சியையும் பெரியம்மாவையும் பஸ் ஏத்திக் கூட்டிட்டு வந்துட்டான். அந்தப் பொண்ணு புதுச் சுடிதார். மூணாவது வரிசை. எங்களுக்கெல்லாம் பெரியம்மா பையில கொண்டு வந்த வேர்க்கடலை வறுவல்.

படம் நல்லாத்தான் போச்சு. அந்த க்ளோஸப் வந்துச்சு. ஹால் ஒரு செகண்ட் அமைதி. பின்னாடியிலேர்ந்து எவனோ ஒரு டூத் பேஸ்ட் விளம்பரத்தோட டயலாக்கைச் சத்தமா விட்டான். இருநூறு பேர் சிரிச்சாங்க. மிச்சம் அஞ்சு செகண்ட் ஓடணுமே, வயலின் ஓட ஓட சிரிப்பும் ஓடுச்சு.

நான் படத்தைப் பார்க்கலை, மூணாவது வரிசையைப் பார்த்தேன். அவ கை மறுபடியும் வாய்க்கு வந்துடுச்சு. அதுக்கப்புறம் ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் அந்தக் கை இறங்கலைன்னு பெரியம்மா பின்னாடி சொன்னாங்க.

சிரிச்சவங்களை நாலு நாள் திட்டித் தீர்த்தேன். திட்ட வேண்டியவங்கதான். ஆனா ராத்திரி பஸ் ஸ்டாண்ட்ல டைரக்டர் என்கிட்ட கேட்டது வேற.

"உனக்கு அன்னைக்கு அந்த இடத்துல ஒண்ணும் தோணலையா?"

"தோணுச்சு."

"அப்புறம் ஏன்டா சொல்லலை?"

"மூணு நாளா நீ தூங்கலையேடா... கஷ்டமா இருக்குமேன்னுதான்..."

"நான் தூங்கலைங்கறதுக்காக அவ அழணுமா?"

இதுக்கு என்ன பதில் சொல்ல முடியும், சொல்லுங்க? ரெண்டு வாரம் அவன் என்கிட்ட பேசலை. மெஸ்ல எதிர்ல உட்கார்ந்தா தட்டை எடுத்துக்கிட்டு வேற டேபிளுக்குப் போயிடுவான்.

மூணாவது வாரம் அவனே வந்தான். "மறுபடி எடிட் பண்ணப் போறேன். பார்க்க ஆள் வேணும். 'நல்லாருக்கு'ன்னு எவன் சொல்றானோ அன்னைக்கு எல்லாருக்கும் டீ அவன் செலவு." அவ்வளவுதான் கண்டிஷன்.

கேன்டீனுக்குப் பின்னாடி புளியமரத்தடி. அஞ்சு பேர். அதுல ஒருத்தி எங்க கிளாஸ், ஒருத்தன் ஹாஸ்டல்ல இருக்கற பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. வெயில்ல லேப்டாப் ஸ்கிரீன் தெரியாதுல்ல, ஹாஸ்டல் போர்வையைத் தலைக்கு மேல போர்த்திக்கிட்டு அஞ்சு பேரும் உள்ள! வெளியிலேர்ந்து பார்க்கறவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. வாட்ச்மேன் ரெண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துட்டுப் போனார்.

முதல் நாள் நாங்க பண்ணது ஃபீட்பேக்கே இல்லை. ஆளாளுக்குப் புதுப் படம் எடுத்துக்கிட்டு இருந்தோம். "நானா இருந்தா ட்ரோன் ஷாட்ல ஒகேனக்கல்லைக் காட்டி ஆரம்பிப்பேன்" (ட்ரோனுக்கு யாரு வாடகை கொடுக்கறது?), "க்ளைமாக்ஸ்ல தாத்தாவைச் சாகடிச்சுடு மச்சி" (டாக்குமென்டரிடா!)... டைரக்டரும் லேசுப்பட்டவன் இல்லை. ஒவ்வொண்ணுக்கும் "இல்லை மச்சி, அது ஏன்னா..."ன்னு பதில் சொல்லிக்கிட்டே இருந்தான். எங்க கிளாஸ் பொண்ணுதான் கடுப்பாகி, "நீ ஒவ்வொரு வீட்டுலயும் பக்கத்துல உட்கார்ந்து விளக்கம் சொல்லப் போறியா? வாயை மூடிக்கிட்டு எழுது"ன்னு ஒரு நோட்டைக் கையில கொடுத்தா. அதுக்கப்புறம் தேவலாம்.

ரெண்டாவது நாள் வேற மாதிரி பண்ணோம். யோசனை எதுவும் சொல்லக் கூடாது. எந்த இடத்துல கவனம் போச்சு, எந்த இடத்துல புரியலை, எந்த இடத்துல கண்ணைத் திருப்பினோம், அந்த நிமிஷம், செகண்டை மட்டும் சொல்லணும். நான் வாயைத் திறந்தேன். "அஞ்சு நிமிஷம் நாற்பதாவது செகண்ட்ல மணி பார்த்தேன்." டைரக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தான், ஒண்ணும் சொல்லாம எழுதிக்கிட்டான். இதை அன்னைக்கு ராத்திரியே சொல்றதுக்கு எனக்கு சினிமா அறிவு எதுவும் தேவைப்பட்டிருக்காது.

கெமிஸ்ட்ரிக்காரன் பிடிச்சான் பாருங்க ஒரு பாயின்ட்! படத்துல ஒரு பாட்டி, "காய்ச்சிக் குடிச்சா ஒண்ணும் ஆகாது சாமி"ன்னு சொல்லும். பேசுற அழகுக்காக டைரக்டர் அதை வச்சிருந்தான். "டேய், காய்ச்சினா கிருமிதான் சாகும். ஃப்ளோரைடு எங்கேயும் போகாது. தண்ணி ஆவியாகிக் குறையுதுல்ல, அப்போ மிச்சத்துல அது இன்னும் செறிவாத்தான் இருக்கும்"னான். எங்க அஞ்சு பேர்ல நாலு பேர் வீட்டுல அதுவரைக்கும் காய்ச்சித்தான் குடிச்சுக்கிட்டு இருந்தோம், படம் எடுத்தவன் வீடு உட்பட! பாட்டியைக் கட் பண்ண வேணாம், கீழே ஒரு வரி போட்டுடலாம்னு முடிவாச்சு.

எங்க கிளாஸ் பொண்ணு கேட்டது அதை விடப் பெரிசு. "எங்க தெருவுல இப்போ காவிரித் தண்ணிதானே வருது? அப்புறம் எதுக்கு இந்தப் படம்?" சத்தியமா எங்க யாருக்கும் அது தோணலை. 2008-ல அடிக்கல் நாட்டி, ஜப்பான் கடனுதவியோட கட்டி, 2013-ல தொடங்கி வச்ச ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம். தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து. ஃப்ளோரோசிஸ் பாதிப்பைக் குறைக்கறதுன்னு திட்டத்தோட பேர்லயே இருக்கு. படத்துல அதைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. டைரக்டர் நோட்டை மூடி வச்சுட்டு ரொம்ப நேரம் சும்மா இருந்தான். அப்புறம் மெதுவா, "2013-ல அவளுக்குப் பன்னெண்டு வயசு"ன்னான். தண்ணி வர்றதுக்குள்ள பல்லு வந்துடுச்சு. அவ தம்பி திட்டம் வந்தப்போ கைக்குழந்தை. அவனுக்குப் பல்லு வெள்ளை. ஒரே வீடு, ஒரே திண்ணை, ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல. படமே அதுதான்! ஒன்பது நிமிஷத்துல அது எங்கேயும் இல்லை.

அப்போதான் அவன் எங்களுக்கு ஒரு கதை சொன்னான். (சினிமாக் கதைன்னா நம்மாளுக்கு மூச்சு விட மறந்துடும்.) 1977. ஜார்ஜ் லூகாஸ் 'ஸ்டார் வார்ஸ்' படத்தோட அரைகுறை வெர்ஷனைத் தன் ஃப்ரெண்ட்ஸுக்குப் போட்டுக் காட்டுறார். கிராபிக்ஸ் முடியலை, அதனால விண்வெளிச் சண்டை வர்ற இடத்துல ரெண்டாம் உலகப் போர் விமானச் சண்டையை ஒட்டி வச்சிருக்கார். பார்த்தவங்கள்ல ஸ்பீல்பெர்க்குக்குப் பிடிச்சிருந்தது. பிரையன் டி பால்மா மட்டும் கிழி கிழின்னு கிழிச்சுட்டார். முக்கியமா ஆரம்பத்துல ஓடுற எழுத்து ஒண்ணுமே புரியலைன்னு. ஆனா கிழிச்சுட்டுக் கிளம்பிப் போகலை. ஜே காக்ஸ்ங்கற இன்னொரு நண்பரோட சேர்ந்து உட்கார்ந்து, அந்த எழுத்தைத் திருப்பி எழுதிக் கொடுத்தார். இன்னைக்கும் ஸ்கிரீன்ல மேல ஏறிப் போற அந்த மஞ்சள் எழுத்துல அவங்க கையும் இருக்கு. ஸ்பீல்பெர்க் மாதிரி ஃப்ரெண்டு எனக்கு நிறைய இருக்காங்க, டி பால்மாதான் இல்லைன்னு என்னைப் பார்த்துச் சொன்னான். பேச ஆரம்பிச்சுட்டான்ல, அதுவே போதும்னு இருந்தது எனக்கு.

நம்ம ஊர்ல இதை எல்லாரும் வீட்டு ஹால்ல உட்கார்ந்து பார்த்தது 'நாளைய இயக்குநர்'லதான். கலைஞர் டி.வி.யில ஞாயித்துக்கிழமை. குறும்படம் எடுத்தவர் நிக்க, மதனும் பிரதாப் போத்தனும் மூஞ்சிக்கு நேரா கருத்துச் சொல்வாங்க. அந்த முதல் சீசன்ல நின்னவங்கள்ல நலன் குமரசாமியும் கார்த்திக் சுப்புராஜும் உண்டு. 'பீட்சா' 2012, 'சூது கவ்வும்' 2013. ஆனா ஒண்ணு சொல்லட்டுமா? டி.வி.யில ஜட்ஜ் கருத்துச் சொல்லும்போது படம் முடிஞ்சு போச்சு, இனி அதுல ஒரு ஃப்ரேமைக் கூட மாத்த முடியாது. அவங்க சொல்றது அடுத்த படத்துக்கு. இந்தப் படத்துக்குச் சொல்ல முடிஞ்ச ஆளு, ராத்திரி பதினோரு மணிக்குக் கதவைத் திறந்துவிட்ட ரூம்மேட்தான். நான் கதவைத் திறந்தேன், வாயைத் திறக்கலை.

எல்லாம் பார்த்தாச்சு. ஒரு ஆள் மட்டும் பாக்கி. "தங்கச்சிகிட்ட காட்டினியா?"ன்னு கேட்டா டைரக்டர் பதிலே சொல்ல மாட்டேங்கறான். போன் பண்ணா அவ எடுக்கறதில்லையாம். கடைசியில பெரியம்மாதான், "ஞாயித்துக்கிழமை வாங்கப்பா, கறி எடுக்கறேன்"னு கூப்பிட்டாங்க. போனோம். சாப்பிட்டு முடிச்சதும் லேப்டாப்பைத் திண்ணையில வச்சுட்டு டைரக்டர் தள்ளிப் போய் வேப்பமரத்தடியில நின்னுக்கிட்டான். அந்தப் பொண்ணு பாதிக் கதவுக்குப் பின்னாடி நின்னே முழுசும் பார்த்தா. க்ளோஸப்பும் கவிதையும் புது எடிட்ல கிடையாது. அந்த இடத்துல சிரிப்பையே தூக்கிட்டு, அவ குடத்தோட நடந்து போறதை வச்சிருந்தான்.

"நான் சிரிச்சது எங்க?"ன்னு என்னைக் கேட்டா.

"எடுத்துட்டான்மா. உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னு..."

"நான் அன்னைக்கு எதுக்குச் சிரிச்சேன்னு உங்களுக்குத் தெரியுமாண்ணா?"

தெரியாது. யாரும் கேட்கலை.

"அண்ணன் என்னைப் பார்த்து, சோகமா உட்காரு, சோகமா உட்காருன்னு சொல்லிக்கிட்டு இருந்தான். அவன் பின்னாடி நம்ம ஆடு வந்து அவன் கதை எழுதின பேப்பரைத் தின்னுக்கிட்டு இருந்துச்சு. அவனுக்குத் தெரியவே இல்லை. கேமராவுல ஆடும் விழுந்திருக்கும். அதை ஏன் கட் பண்ணான்? அதோட வச்சா வைக்கட்டும். எல்லாரும் சிரிக்கட்டும், என்னோட சேர்ந்து."

வேப்பமரத்தடியிலேர்ந்து டைரக்டர் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தான். வரலை. கொஞ்ச நேரம் முதுகைக் காட்டிக்கிட்டு நின்னான்.

அன்னைக்கு ராத்திரி ஒரிஜினல் ஃபுட்டேஜைத் தேடி எடுத்தோம். ஆமா, ஃப்ரேமோட ஓரத்துல ஒரு வெள்ளாடு. வாயில பாதி ஏ-ஃபோர் ஷீட். டைரக்டரோட குரல் "சோகமா, சோகமா"ங்குது. அவ கையை எடுத்துட்டுச் சிரிக்கிறா. மொத்தம் பதினாலு செகண்ட். ஜூம் இல்லை, வயலின் இல்லை. அப்படியே வச்சோம், அதுக்கடுத்து தம்பி. போர்வைக்குள்ள அஞ்சு பேரும் வெடிச்சுச் சிரிச்சோம். கெமிஸ்ட்ரிக்காரன் தன்னை மறந்து "நல்லாருக்குடா!"ன்னுட்டான். டீ அவன் செலவு.

பெரியம்மா போனுக்கு அனுப்பி வச்சோம். அரை மணி நேரத்துல அவளே கூப்பிட்டா. ரெண்டு மாசம் கழிச்சு முதல் போன். டைரக்டர் ஸ்பீக்கர்ல போட்டான்.

"இப்போ சரி. ஆனா அந்த வயலின் தாத்தா வர்ற இடத்துல இன்னும் இருக்கே?"

"ஆமா, அவருக்கு முட்டி மடக்க முடியாதுல்ல, அதைக் காட்டும்போது..."

"தாத்தாகிட்ட காட்டினீங்களா?"

டைரக்டர் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். மறுநாள் காலையில முதல் பஸ்ல லேப்டாப்பை மடியில வச்சுக்கிட்டுப் பென்னாகரம் கிளம்பினோம்.